திரை காட்டும் நிறமும் தாள் காட்டும் நிறமும்

நெசவாளி ஒருவர் சாயப்பட்டறைக்குச் செல்லும்போது, “அரக்கு நிறத்தில் தோய்த்துத் தாருங்கள்” என்று வாயால் சொல்லிவிட்டுத் திரும்பி வருவதில்லை. அரக்கு என்பதில் சிவப்பு மிகுந்ததும் உண்டு. கருமை மிகுந்ததும் உண்டு. காப்பிக் கொட்டையின் நிறத்தை ஒட்டியதும் உண்டு. ஆகவே அவர் பழைய சேலையிலிருந்து எடுத்து வைத்த ஓரிழையைச் சாயக்காரரின் கையில் கொடுக்கிறார். தோய்த்த நூலைப் பெறும்போதும், அதே இழையை அருகில் வைத்து, வாயிற்படியில் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே பணம் கொடுக்கிறார். சிறுவந்தாட்டுப் பட்டு நெசவாளர்களுக்கு இதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நிறத்துக்குப் பெயர் சாட்சியாகாது, மாதிரிதான் சாட்சி என்பதை அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள்.

ஆனால் அதே நெசவாளியும், அவருக்கு அடுத்த வீட்டுக் கடலை விவசாயியும் சேர்ந்து நடத்தும் சங்கம், தன் சரக்குக்கு ஒரு சீட்டோ, உறையோ, பையோ அச்சடிக்கப் புகும்போது இந்தப் பழைய விவேகத்தை மறந்துவிடுகிறது. கைப்பேசியில் வந்த படத்தைப் பார்த்து, “நன்றாக இருக்கிறது, அச்சிடுங்கள்” என்று பதில் அனுப்பிவிடுகிறோம். இதனால் விளையும் நஷ்டம் எவ்வளவு, அதைத் தவிர்க்கும் வழி யாது என்பதை அங்கத்தினர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் பட்ட பாடு

பிறர் தவற்றைச் சொல்வதைவிட நமது தவற்றைச் சொல்வதே முறை. நமது சங்கத்தின் கடலை எண்ணெய்ப் புட்டிகளுக்குப் பல ஆண்டுகளாக ஒரே பச்சை நிறச் சீட்டு ஒட்டப்பட்டு வந்தது. கையிருப்புச் சீட்டுகள் தீர்ந்தபோது, பழைய சீட்டு ஒன்றைக் கைப்பேசியில் படம் பிடித்து, அதைக்கொண்டு புதிய வடிவம் ஒன்றைக் கணினியில் அமைக்கச் செய்தோம். திரையில் அந்தப் பச்சை கிளியின் சிறகைப் போல ஒளிர்ந்தது. காரியக் கமிட்டியார் அனைவரும் அதைத் தத்தம் கைப்பேசியிலேயே பார்த்து இசைவு தெரிவித்தோம். அச்சாகி வந்த கட்டுகளைத் திண்டிவனத்தில் பிரித்துப் பார்த்தபோது, அந்தப் பச்சை வாடிய முருங்கைத் தழையின் நிறத்தில் இருந்தது.

அடித்தது அடித்தாயிற்று என்று அச்சீட்டுகளை ஒட்டிச் சரக்கை அனுப்பினோம். விழுப்புரத்தில் நமது எண்ணெயை நெடுங்காலமாக விற்றுவரும் கடைக்காரர் ஒருவர், “ஐயா, இது உங்கள் சரக்குத்தானா? யாரேனும் உங்கள் பெயரைப் போட்டுக்கொண்டு விற்கிறார்களா?” என்று கேட்டனுப்பினார். வாங்குவோர் சிலர் புட்டியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டனர் என்றும் கூறினார். எண்ணெயில் யாதொரு குறையும் இல்லை. பெயரிலும் எழுத்திலும் மாறுதல் இல்லை. நிறம் ஒன்றே மாறியது. அதனால் நம்பிக்கையும் மாறிற்று. மிச்சமிருந்த சீட்டுகளைத் தள்ளிவிட்டு மறுபடி அச்சடிக்க நேர்ந்தது. அந்தச் செலவு அங்கத்தினர்களின் பங்காதாயத்திலிருந்து போனதேயன்றி வேறெங்கிருந்தும் வரவில்லை.

அச்சகத்தாரைக் குறை கூறிப் பயனில்லை. விசாரித்ததில், பழைய சீட்டு அந்தப் பச்சைக்கென்றே தனியாகக் கலக்கப்பட்ட ஒரு மையினால் அச்சிடப்பட்டது என்றும், புதிய சீட்டு வழக்கமான நான்கு மைகளால் அச்சிடப்பட்டது என்றும் தெரிய வந்தது. எந்தப் பச்சை வேண்டும் என்று நாம் எழுத்தில் சொல்லவுமில்லை. பழைய சீட்டை மாதிரியாக அவர்களிடம் கொடுக்கவுமில்லை. குற்றம் நம்முடையதே.

ஒளியும் மையும்

திரையிலும் தாளிலும் ஒரே நிறம் வேறாகத் தோன்றுவது ஏன்? திரை ஒரு விளக்கு. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளைக் கூட்டியும் குறைத்தும் அது நிறங்களைக் காட்டுகிறது. இம்முறையை ஆர்.ஜி.பி. என்பர். ஒவ்வோர் ஒளிக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள் உண்டு. இவற்றைக் கலந்தால் 1 கோடியே 67 லட்சத்துக்கு மேற்பட்ட நிறக் கலவைகள் கிடைக்கின்றன. மூன்று ஒளியும் முழுமையாகச் சேர்ந்தால் வெண்மை; மூன்றும் அணைந்தால் கருமை.

தாளோ விளக்கன்று. அறையில் உள்ள ஒளி தாளின்மேல் விழ, மை அதில் ஒரு பகுதியை விழுங்கி, எஞ்சியதை நம் கண்ணுக்கு அனுப்புகிறது. அச்சகத்தில் வழங்கும் மைகள் நான்கு: பச்சை கலந்த நீலமாகிய சியான், ராணி நிறத்தை ஒட்டிய மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. இதனை சி.எம்.ஒய்.கே. முறை என்பர். இங்கே மை கூடக் கூட நிறம் ஒளி குன்றிக் கருமையை நோக்கிச் செல்லும்.

அச்சிட்ட படத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்தால் சிறு சிறு புள்ளிகளே தெரியும். நல்ல வழவழப்பான தாளில் ஓர் அங்குலத்துக்கு 150 அல்லது 175 வரிசைப் புள்ளிகள் விழுகின்றன. நீலப் பாவில் சிவப்பு ஊடை போட்டு நெய்த துணி எட்டத்தில் ஊதாவாகத் தெரிகிறதன்றோ? அவ்வாறே மஞ்சள் புள்ளியும் சியான் புள்ளியும் அருகருகே விழுந்து பச்சையாகத் தெரிகின்றன. அச்சுக்கலையின் இந்தச் சூட்சுமம் தறிக்காரருக்குப் புதிதன்று.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. மூன்று ஒளிகளால் உண்டாக்கக்கூடிய நிறங்கள் அனைத்தையும் நான்கு மைகளால் உண்டாக்க இயலாது. பளிச்சென்ற கிளிப்பச்சை, ஒளிரும் ஆரஞ்சு, ஆழ்ந்த நீலம், ஊதா ஆகியவை தாளில் மங்கிவிடும். நீலத்தைப் பற்றி ஒரு சிறப்பு எச்சரிக்கை வேண்டும். சியானும் மெஜந்தாவும் சம அளவில் சேர்ந்தால், கணினியில் நீலமாகத் தோன்றியது தாளில் கத்தரிப்பூ நிறமாக வந்து சேரும். நீலம் நீலமாகவே இருக்க வேண்டுமானால் மெஜந்தாவின் அளவு சியானைவிட ஏறக்குறைய 30 விழுக்காடு குறைவாக இருப்பது நலம் என்பது அச்சுத் தொழிலில் வழங்கும் கணக்கு.

மயில்கழுத்துச் சேலையின் நிறத்தையோ எந்த மையாலும் தாளில் கொண்டுவர முடியாது. பாவும் ஊடையும் வேறு வேறு நிறமாய் இருந்து, பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப மாறுவது அது. அசையாத தாளுக்கு அந்த வித்தை தெரியாது.

எண்ணால் குறிக்கப்படும் நிறம்

மாதிரி இழையை எல்லா ஊருக்கும் கொண்டுசெல்ல இயலாதபோது என் செய்வது? நிறத்துக்கு ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணை எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். இது புதுமையானதன்று, நமது விவசாய அங்கத்தினர்கள் ஆண்டுதோறும் கையில் பிடித்துப் பார்க்கும் காரியமே.

திண்டிவனத்து எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1940-இல் டி.எம்.வி. 2 கடலையும், 1967-இல் டி.எம்.வி. 7 கடலையும் வெளிவந்தன. ஊரின் பெயரே இரகத்தின் பெயராகித் தேசமெங்கும் பரவியது. இத்தகைய இரகங்களின் விதை மூட்டையில் தொங்கும் அட்டையைக் கவனியுங்கள். வல்லுநர் விதைக்குப் பொன்மஞ்சள் அட்டை. ஆதார விதைக்கு வெள்ளை அட்டை. சான்று விதைக்கு நீல அட்டை. அந்த நீலமும் ஏதோ ஒரு நீலமன்று. இந்தியத் தர நிறப்பட்டியலில் 104 என்ற எண்ணுள்ள வான்நீலம் என்று விதைச் சான்று விதிகள் குறிப்பிடுகின்றன. எழுதப் படிக்கத் தெரியாத விவசாயியும் அட்டையின் நிறத்தைப் பார்த்தே விதையின் தரத்தை அறிந்துகொள்கிறார். அவ்வாறே பூச்சிமருந்துக் கலங்களிலும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற முக்கோணங்கள் நஞ்சின் கடுமையை வரிசையாக உணர்த்துகின்றன. அங்கே நிறம் தவறினால் உயிருக்கே ஆபத்து.

நமது தேசியக் கொடி மற்றோர் எடுத்துக்காட்டு. கொடித் துணிக்கு 1951-இல் வகுக்கப்பட்டு, 1964-இலும் 1968-இலும் திருத்தப்பட்ட இந்தியத் தரவிதியில், காவியும் பச்சையும் பெயரளவில் விடப்படவில்லை. 1931-இல் சர்வதேச ஒளியியல் ஆணையம் ஏற்படுத்திய அளவைமுறைப்படி, எந்த ஒளியில் அளக்க வேண்டும் என்பது உட்பட, எண்களாகவே குறிக்கப்பட்டன. எந்த ஊர்த் தறியில் நெய்தாலும் கொடியின் நிறம் ஒன்றாய் இருக்க வேண்டும் என்பதே கருத்து.

அச்சு மைகளுக்கும் இத்தகைய எண்முறை உண்டு. 1963-இல் அமெரிக்காவில் தோன்றிய பான்டோன் முறை இன்று உலகெங்கும் வழங்குகிறது. அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண்ணும், அந்த மையைக் கலக்கும் விகிதமும் உண்டு. நிறங்களை அச்சிட்டு விசிறிபோல் கட்டிய ஏட்டை அச்சகத்தாரிடம் காணலாம். எண்ணுக்குப் பின் “சி” என்று இருந்தால் வழவழப்புத் தாளில் அந்நிறம் எவ்வாறு தோன்றும் என்பதையும், “யு” என்று இருந்தால் சாதாரணத் தாளில் எவ்வாறு தோன்றும் என்பதையும் குறிக்கும். அந்த ஏடும் காலப்போக்கில் வெளுக்கும். மிகப் பழைய ஏட்டை நம்பி நிறம் பொறுக்கலாகாது.

தாளின் குணம், ஒளியின் குணம்

ஒரே சாயத்தொட்டியில் பருத்தியையும் பட்டையும் தோய்த்தால் ஒரே நிறம் வருமா? வெளுக்காத நூலும் வெளுத்த நூலும் ஒன்றாய்த் தோன்றுமா? மையும் அப்படியே. வழவழப்பான ஆர்ட் தாளில் மை மேலே நின்று ஒளிர்கிறது. மேப்லித்தோ தாளில் உள்ளே உறிஞ்சப்பட்டு மங்குகிறது. பழுப்பு அட்டைப் பெட்டியிலோ, அட்டையின் பழுப்பும் நிறத்தோடு சேர்ந்துகொள்கிறது. சீட்டின்மேல் லாமினேஷன் செய்தாலும் நிறத்தின் ஆழம் மாறும். எண்ணெய் அடைக்கும் கண்ணாடித்தன்மை வாய்ந்த பிளாஸ்டிக் உறையில், நிறத்தின் அடியில் வெள்ளை மை ஒரு படலம் போடாவிட்டால், எண்ணெயின் மஞ்சள் ஊடுருவி நீலத்தையும் பச்சையாக்கிவிடும்.

ஒளியும் இவ்வாறே ஏமாற்றும். குழல்விளக்கின் கீழ் ஒன்றாகத் தோன்றிய இரண்டு நூல்கள் வெயிலில் வேறாகத் தெரிவதை நெசவாளர் யாவரும் கண்டிருப்பர். இரண்டிலும் உள்ள சாயங்கள் வேறு வேறாக இருப்பதே காரணம். அச்சிலும் தனி மையால் அடித்த பச்சையும் நான்கு மைகளால் கூட்டிய பச்சையும் ஒரு விளக்கில் ஒத்து, மற்றொரு விளக்கில் முரணலாம். அச்சுத் தொழிலில் நிறம் பார்ப்பதற்கென 5000 கெல்வின் என்னும் அளவுள்ள வெண்ணொளியை உலகெங்கும் நியமித்திருக்கிறார்கள். அவ்விளக்கு இல்லாத இடத்தில், நேர் வெயில் விழாத சன்னலருகே நண்பகல் வெளிச்சத்தில் பார்ப்பதே நம்மால் இயன்ற நல்ல முறை.

எந்த நிறத்தைத் தேர்வது?

இனிச் சங்கங்கள் முடிவு செய்ய வேண்டிய தலையாய விஷயத்துக்கு வருவோம். இலச்சினையும் எழுத்தும் மாத்திரமே உள்ள சீட்டுக்கு ஒன்று அல்லது இரண்டு தனி மைகள் போதும், நிறமும் பிசகாது. சேலையின் புகைப்படமோ கடலையின் புகைப்படமோ இடம்பெற வேண்டுமாயின் நான்கு மைகளும் தேவை. அதன்மேல் இலச்சினைக்கு ஐந்தாவதாகத் தனி மை வேண்டுமென்றால் செலவு கூடும். சில நூறு பிரதிகளே அடிக்கும் டிஜிட்டல் பொறிகள் பெரும்பாலானவற்றில் தனி மை போடவே வழியில்லை. நான்கு மைகளால் ஒப்பேற்றியே தரும்.

ஆகவே சிறிய சங்கங்களுக்கு நாம் கூறும் யோசனை இது: திரையில் அழகாய் இருக்கும் நிறத்தைத் தேர்ந்துகொண்டு, பிறகு அதைத் தாளில் தேடி அலையாதீர்கள். தாளில் அச்சான மாதிரிகளிலிருந்து நிறத்தைத் தேர்ந்துகொண்டு, பிறகு அதைத் திரைக்குக் கொண்டு செல்லுங்கள். நான்கு மைகளில் ஒன்றாலோ இரண்டாலோ மாத்திரம் எளிதில் உண்டாகும் நிறமே நிலைத்து நிற்கும். மூன்று நான்கு மைகள் நுட்பமாகச் சேர்ந்தால்தான் வரும் நிறம், ஒரு மை சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் திரிந்துவிடும். எளிய அச்சகத்திலும், சாதாரணத் தாளிலும் குலையாத நிறமே ஏழைச் சங்கத்துக்கு ஏற்ற நிறம்.

கைக்கொள்ள வேண்டிய முறைகள்

1. சங்கத்தின் நிறத்துக்கு ஒரு மாதிரி அட்டை செய்துகொள்க. அதில் தனி மையின் எண், நான்கு மைகளின் விழுக்காடு, திரைக்குரிய மூன்று எண்கள் ஆகியவற்றை எழுதுக. வழவழப்புத் தாளுக்கும் சாதாரணத் தாளுக்கும் விழுக்காடு வேறாயின் இரண்டையும் எழுதுக. ஓர் அட்டை சங்க அலுவலகத்தில் வெயில் படாமல் உறையில் இருக்கட்டும்; ஒன்று வடிவம் அமைப்பவரிடமும், ஒன்று அச்சகத்திலும் இருக்கட்டும்.

2. வடிவத்தைத் தொடங்குமுன்னரே, எந்தப் பொறி, எந்தத் தாள், எந்த நிறக்கோப்பு என்று அச்சகத்தாரைக் கேட்டறிந்து, அதற்கேற்பக் கணினியில் அமைக்கச் செய்க. முடிந்தபின் மாற்றினால் நிறம் எவ்விதம் மாறிற்று என்பதை ஒருவரும் கவனிக்கமாட்டார்.

3. மூலக்கோப்பை அச்சுக்குரிய பி.டி.எஃப். வடிவில் அனுப்புக. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுத் தரம் குறையும். அது பார்வைக்கு ஆகுமேயன்றி அச்சுக்கு ஆகாது.

4. சிறிய எழுத்துகளைக் கறுப்பு மை ஒன்றினாலேயே அடிக்கச் செய்க. நான்கு மைகளிலும் கறுப்பைக் கலந்தால், தாள் இம்மியளவு விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் வண்ண நிழல் படியும். கருமை மிகுந்த இடங்களில் நான்கு மைகளின் கூட்டுத்தொகை ஆர்ட் தாளில் சுமார் 300 விழுக்காட்டைத் தாண்டலாகாது. தாண்டினால் மை உலராமல் அடுத்த தாளில் ஒட்டும்.

5. மொத்தமாக அடிக்குமுன், தாளில் எடுத்த பிரதி ஒன்றைப் பெற்று, மாதிரி அட்டையோடு பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டு, சரியாயின் தேதியிட்டுக் கையொப்பம் இடுக. கூடுமாயின் எந்தத் தாளில் அச்சாகப் போகிறதோ அதே தாளில் அப்பிரதி இருக்கட்டும். அதுவே நமக்கும் அச்சகத்தாருக்கும் இடையே உள்ள ஒப்பந்தம். கைப்பேசியில் சொல்லும் இசைவுக்கு அந்த மதிப்பு இல்லை.

6. பெருந்தொகைக்கு அச்சடிக்கும்போது, கொள்முதல் ஆணையிலேயே நிறத்தின் எண்ணையும், ஏற்கத்தக்க வேறுபாட்டின் எல்லையையும் எழுதுக. நிற வேறுபாட்டைக் கருவியால் அளந்து டெல்டா-இ என்னும் எண்ணாகக் கூறுவர். நான்கு மைகளின் முழு நிறத்துக்கு உலகத் தரவிதி 5 வரை இடங்கொடுக்கிறது. இலச்சினையின் நிறத்துக்கு அதனினும் குறைந்த எல்லையை அச்சகத்தாரோடு கலந்து பேசி வைத்துக்கொள்ளலாம்.

சேலைப் படங்களைப் பற்றி ஒரு சொல்

நெசவாளர் சங்கங்கள் இப்போது சேலைகளைப் படம் பிடித்து, அச்சிட்ட பட்டியலாகவும் கைப்பேசி வழியாகவும் வெளியூர்களுக்கு அனுப்புகின்றன. வாங்குபவர் அரக்கு என்று எண்ணிக் கேட்ட சேலை காப்பி நிறமாய் வந்து சேர்ந்தால், அவர் திருப்பி அனுப்புவது நியாயமே. ஆனால் அந்தச் சேலை மடிப்புக் கலைந்து திரும்பும்போது, பல நாள் தறியில் குனிந்து உழைத்த ஒரு குடும்பத்தின் கூலி அலுவலக அலமாரியில் முடங்கிவிடுகிறது. ஆதலால் விளக்கொளியும் பகலொளியும் கலவாமல் ஒரே ஒளியில் படம் எடுக்க வேண்டும். சேலையின் அருகில் நடுநிலையான சாம்பல் நிற அட்டை ஒன்றை வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால், கணினியில் நிறத்தைச் சீர்செய்வது எளிது. சேலையையே எதிரில் வைத்துக்கொண்டு அச்சுப்பிரதியைத் திருத்த வேண்டும். மயில்கழுத்து முதலிய இரட்டை நிறச் சேலைகளுக்குப் பாவு இன்ன நிறம், ஊடை இன்ன நிறம் என்று படத்தின் கீழ் எழுதிவிடுவது நேர்மையும் ஆகும். திரும்பி வரும் சேலைகளும் குறையும்.

நிறமும் பொதுச் சொத்தே

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 14 முதல் 20 வரை கூட்டுறவு வாரத்தில் ஏழு நிறக் கொடியை ஏற்றுகிறோம். 1925-இல் சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டணி வானவில்லைத் தன் கொடியாக ஏற்றது. அக்கூட்டணி 2001-இல் அந்தக் கொடியை மாற்றிக்கொண்ட போதிலும், நம் நாட்டில் வானவில் கொடியின்மேல் உள்ள பற்று மாறவில்லை. அக்கொடியை அழைப்பிதழில் நான்கு மைகளால் அச்சிட்டுப் பார்த்தால், ஆரஞ்சும் பச்சையும் மங்க, நீலமும் ஊதாவும் ஒன்றோடொன்று கலந்து, ஏழு நிறம் ஆறாகத் தோன்றுவது உண்டு. அடுத்த வாரவிழா அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்குமுன் அங்கத்தினர்கள் இதனையே முதற் பயிற்சியாகக் கொள்ளலாம்.

சங்கத்தின் பெயர் எவ்வாறு அங்கத்தினர் அனைவருக்கும் பொதுச் சொத்தோ, அவ்வாறே அதன் நிறமும் பொதுச் சொத்து. தலைவர் மாறுவார், செயலாளர் மாறுவார், அச்சகமும் மாறும். இவர்களோடு நிறமும் மாறுமாயின், வாங்குவோர் யாரை நம்புவர்? நமது சங்கத்தின் மாதிரி அட்டை இப்போது பதிவேடுகளோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கிறது. பொறுப்பு கைமாறும்போது சாவியோடும் கணக்கோடும் அதுவும் கைமாற வேண்டும் என்று காரியக் கமிட்டியில் தீர்மானித்திருக்கிறோம். மற்றச் சங்கத்தாரும் இவ்வாறு செய்துகொள்வராயின், நாம் பட்ட நஷ்டத்துக்கு ஓரளவு பயன் கிடைத்ததெனக் கருதுவோம்.